சினை பிடிக்கவில்லையா? ஊசிக்கு முன் ஹார்மோனைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பு வட்டாரத்தில் நெல்லும் தென்னையும் முதல் வருமானம் என்றால், தொழுவத்தில் நிற்கும் கறவை மாடு அடுத்த வருமானம். பிளவக்கல் அணை நிறைந்தால் வயல் சோறு போடும். அணை நிறையாத வருடத்தில் மாடுதான் சோறு போடும். பக்கத்தில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் அந்தப் பண்டத்துக்கு ஆதாரம், சுற்றுவட்டாரக் கிராமங்களில் கறக்கும் பால்.

கூமாப்பட்டி, கான்சாபுரம், சுந்தரபாண்டியம் என்று எந்த ஊர்ப் பால் சங்கத்தின் வாசலில் நின்றாலும் மாடு வளர்ப்போரிடம் கேட்கக் கூடிய குறைகள் மூன்று. 'ஈன்று ஆறு மாதம் ஆச்சு, இன்னும் பருவத்துக்கு வரலை.' 'நாலு தடவை சினை ஊசி போட்டும் நிக்கலை.' 'ஆள் மாறினா பாலை அடக்கிக்குது.' மூன்றும் வேறு வேறு நோய் போலத் தெரியும். மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஹார்மோன்தான். இது புரியாததால்தான் நல்ல மாடு 'மலடு' என்று பெயர் வாங்கி அடிமாட்டு விலைக்குப் போகிறது. இது புரியாததால்தான் கடையில் கிடைக்கும் ஊசியைக் கண்டபடி போட்டு மாட்டைக் கெடுத்துக்கொள்கிறோம்.

காயடிப்பதில் இருக்கும் அறிவியல்

ஹார்மோன் என்ற சொல் புதிது. ஆனால் அது செய்யும் வேலை நம் விவசாயிகளுக்குப் பழையது. காளைக் கன்றைச் சிறுவயதில் காயடித்தால் திமில் சிறுக்கும், கழுத்துத் தடிப்பு குறையும், முரட்டுக் குணம் அடங்கி ஏருக்கும் வண்டிக்கும் பழகும். உடம்பின் ஒரு மூலையில் இருக்கும் விதையை முடக்கினால், கழுத்திலும் திமிலிலும் குணத்திலும் எப்படி மாற்றம் வருகிறது?

1849ல் ஜெர்மனியில் பெர்தோல்ட் என்பவர் சேவல்களை வைத்து இதைச் சோதித்தார். விதை நீக்கிய சேவலின் கொண்டை சுருங்கியது, கூவுவதும் சண்டையிடுவதும் நின்றது. நீக்கிய விதையை அதே சேவலின் வயிற்றுக்குள் வேறு இடத்தில் வைத்தபோது கொண்டையும் கூவலும் திரும்பின. பழைய நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் வேலை நடக்கிறது என்றால், விதையில் ஊறும் ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியாக உடம்பெங்கும் போகிறது என்று பொருள். இப்படி இரத்தத்தில் ஓடும் பொருள்களுக்கு 1905ல் இங்கிலாந்தின் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று பெயர் வைத்தார். தமிழில் இயக்குநீர் என்கிறோம்.

ஹார்மோனை வாய்க்கால் தண்ணீரோடு ஒப்பிடலாம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி, கழுத்தில் உள்ள தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல், வயிற்றில் உள்ள கணையம், சினைப்பை ஆகியவை மடைகள். இரத்தம் வாய்க்கால். ஹார்மோன் எல்லா உறுப்பையும் கடந்து ஓடினாலும், அதை வாங்கிக்கொள்ளும் அமைப்பு உள்ள உறுப்பு மட்டுமே அதற்குப் பதில் சொல்லும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் மாட்டின் தீவனம், தண்ணீர், வெயில், பயம், கன்றின் ஸ்பரிசம் ஆகியவற்றைப் பொறுத்தது. இவை எல்லாம் வளர்ப்பவரின் கையில் இருப்பவை.

மடியில் பால் இறங்கும் விதம்

கறக்கத் தொடங்கும்போது மடியில் இருக்கும் பாலில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள பால் குழியில் இருக்கும். மீதிப் பால் மடித் திசுவின் நுண்ணிய பைகளுக்குள் தங்கியிருக்கும். கன்று முட்டும்போதோ, மடியைக் கழுவித் துடைக்கும்போதோ காம்பிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. பிட்யூட்டரியிலிருந்து ஆக்ஸிடோசின் இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. அது பால் பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. இதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். இதன் வேகம் ஐந்து முதல் எட்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, மடியைக் கழுவித் துடைத்த ஒரு நிமிடத்தில் கறவையைத் தொடங்க வேண்டும். கழுவிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போனால் ஹார்மோன் வீணாகிறது. இரண்டாவது, ஏழு எட்டு நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். மூன்றாவது, கடைசிப் பாலை மடியில் விடக் கூடாது. முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு பல மடங்கு அதிகம். பாதியில் கறவையை நிறுத்தினால் அளவோடு சேர்த்துச் சங்கத்தில் கிடைக்கும் கொழுப்புப் புள்ளியும் குறையும். மடியில் தேங்கிய பால் மடிவீக்கத்துக்கும் வழி வைக்கும்.

மாடு பாலை 'அடக்கிக்கொள்வது' பிடிவாதம் அல்ல. புது ஆள், அடி, நாய் குரைப்பு, கூச்சல் என்று எதற்காவது மாடு மிரண்டால் அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினை விடுகிறது. அது மடிக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஆக்ஸிடோசினின் வேலையைத் தடுக்கிறது. கறக்கும் நேரத்தில் ஒரு குச்சியை ஓங்கினாலே அன்றைய பாலில் குறை தெரியும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆள், அமைதியான தொழுவம் என்ற பழைய வழக்கத்துக்கு இதுதான் காரணம்.

பால் இறக்கும் ஊசி வேண்டாம்

கன்று இறந்த மாடு பால் கொடுக்கவில்லை என்றால் சிலர் ஆக்ஸிடோசின் ஊசியைத் தேடுகிறார்கள். இந்த மருந்தைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. இதன் கருப்பையைச் சுருக்கும் தன்மையை 1906ல் ஹென்றி டேல் கண்டறிந்தார். 1953ல் அமெரிக்காவின் வின்சென்ட் டு விக்னோ இதை ஆய்வகத்தில் உருவாக்கி, 1955ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு ஏற்படும் இரத்தப்போக்கை நிறுத்தும் உயிர்காக்கும் மருந்து இது. கால்நடை மருத்துவரும் கன்று ஈனும் நேரத்துச் சில சிக்கல்களுக்கு இதைப் பயன்படுத்துகிறார்.

ஆக்ஸிடோசின் பாலை உண்டாக்குவதில்லை, மடியில் ஏற்கெனவே ஊறிய பாலை வெளியே தள்ளும் வேலையை மட்டுமே செய்கிறது. பால் ஊறுவதற்கு வேண்டியது தீவனமும் மற்ற ஹார்மோன்களும். தினமும் ஊசிக்குப் பழகிய மாடு, ஊசி இல்லாமல் பால் இறக்க மறுக்கும். தினமும் வெளியிலிருந்து ஏற்றப்படும் ஹார்மோன் கருப்பையையும் சுருக்கும். சுத்தமில்லாத ஊசியும் தரம் தெரியாத மருந்தும் சேர்ந்தால் கட்டியும் நோய்த்தொற்றும் வரும்.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ன் 12வது பிரிவு, மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் வகையில் பால் கறப்புக்காக ஊசி போடுவதைக் குற்றமாக்கியுள்ளது. 2 ஆண்டு வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாட்டையும் அரசு பறிமுதல் செய்யும். கறவை மாடுகளில் தவறாகப் பயன்படுத்துவதைக் காரணம் காட்டி, 2018 ஏப்ரலில் மத்திய அரசு இந்த மருந்தை ஒரு பொதுத்துறை நிறுவனம் மட்டுமே உள்நாட்டுக்குத் தயாரிக்கலாம் என்று உத்தரவிட்டது. பிரசவத் தாய்மாருக்கு மருந்து தட்டுப்படும் என்று எதிர்ப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தொழுவத்தில் நடக்கும் தவறு ஒன்று பிரசவ அறை வரை பிரச்சினை ஆகிறது என்பதற்கு இது சாட்சி.

ஊசி போட்ட மாட்டின் பால் குடித்தால் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவார்கள் என்ற பேச்சு உண்டு. ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம். பாலில் இருந்தாலும் வயிற்றுக்குள் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப் போகும். பூப்படைதலை நடத்தும் ஹார்மோன்கள் வேறு. ஆகவே அந்தப் பயம் தேவையில்லை. ஊசியை விடச் சொல்வதற்கு மாட்டின் நலனே போதுமான காரணம்.

21 நாள் கணக்கு

சினைப் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 நாள் வரை மாட்டுக்கு மாடு மாறும். இந்த 21 நாளில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மூளையிலிருந்து வரும் ஒரு கட்டளை பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி விடும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் சினைப்பையில் முட்டைக் கொப்புளத்தை வளர்க்கிறது. வளரும் கொப்புளம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. மாடு கத்துவது, அடுத்த மாட்டின் மேல் தாவுவது, தன் மேல் தாவும்போது அசையாமல் நிற்பது, கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, பால் குறைவது எல்லாம் ஈஸ்ட்ரோஜன் காட்டும் அறிகுறிகள். இந்தப் பருவம் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். பிறகு எல்.எச். என்ற ஹார்மோன் கொப்புளத்தை உடைத்து முட்டையை வெளியே விடும். பருவ அறிகுறி முடிந்து சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்தே இது நடக்கும்.

இதனால்தான் காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் சினை ஊசி போடச் சொல்கிறார்கள். வெளிவந்த முட்டை சில மணி நேரமே உயிரோடு இருக்கும். முன்கூட்டியே போட்டாலும் தாமதமாகப் போட்டாலும் விந்தும் முட்டையும் சந்திக்காது. 'நாலு ஊசி போட்டும் நிக்கலை' என்ற குறைகளில் பல, நேரம் தப்பியதால் வருபவை. பருவம் முடிந்து ஓரிரு நாளில் சில மாடுகளுக்குச் சிறிது இரத்தம் கசியும். அன்று ஊசி போட்டுப் பயனில்லை. அந்தத் தேதியைக் குறித்து வைத்து, 17 நாள் கழிந்ததிலிருந்து மாட்டைக் கூர்ந்து கவனித்தால் அடுத்த பருவம் தப்பாது.

முட்டை வெளிவந்த இடத்தில் மஞ்சள் நிறத் திசு ஒன்று உருவாகி புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. இது கருப்பையைக் கருவுக்குத் தயார் செய்கிறது, அடுத்த பருவத்தைத் தடுத்து நிறுத்துகிறது. கரு தங்கியிருந்தால் சுமார் 16வது நாளில் 'நான் இருக்கிறேன்' என்று கரு ஒரு செய்தி அனுப்புகிறது. செய்தி வந்தால் மஞ்சள் திசு காக்கப்படும், சினை தொடரும். செய்தி வரவில்லை என்றால் கருப்பை புரோஸ்டாகிளாண்டினை விட்டு மஞ்சள் திசுவைக் கரைத்துவிடும். மாடு மறுபடி பருவத்துக்கு வரும்.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஈன்று 85 நாளுக்குள் சினை நின்றால் வருடம் ஒரு கன்று கிடைக்கும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் போகும். வற்றிய மாட்டுக்கு ஒரு நாள் செலவு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21 நாளுக்கு 4,200 ரூபாய் பாலில்லாமல் கரையும். காலை ஐந்து மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் தொழுவத்தை ஒரு பார்வை பார்ப்பதன் கூலி அது.

எருமையில் அறிகுறிகள் ஊமையாக இருக்கும். கத்தல் குறைவு, வழும்பு குறைவு, பருவம் இரவில் வந்து போகும். பகல் நீளும் கோடையில் எருமைகள் பருவத்துக்கு வருவது குறையும், பகல் குறுகும் ஐப்பசி முதல் மாசி வரை கூடும். எருமை வைத்திருப்போர் அந்த மாதங்களில் இரவுக் கவனிப்பை விடக் கூடாது.

வயிறு காய்ந்தால் பருவம் வராது

இனி முக்கியமான கேள்வி. ஈன்று ஆறு மாதமாகியும் ஏன் பருவத்துக்கு வரவில்லை?

ஈன்ற மாட்டுக்குப் பால் மளமளவென்று ஏறும். அந்த வேகத்துக்குத் தீவனம் எடுக்கும் திறன் ஏறாது. வரவை விடச் செலவு கூடும். வளர்ச்சி ஹார்மோன் உயர்ந்து, உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துப் பாலுக்குத் திருப்புகிறது. இன்சுலின் குறைகிறது. இன்சுலினும் அதன் துணை ஹார்மோன்களும் குறைந்தால், 'வீட்டில் கையிருப்பு இல்லை' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. சினைப்பையைத் தூண்டும் கட்டளை பலவீனமாகிறது. கொப்புளம் வளர்ந்தாலும் முட்டை வெளிவராமல் கரைந்து போகிறது. உள்ள உயிருக்கும் குடிக்கும் கன்றுக்கும் போக மிச்சம் இருந்தால்தான் அடுத்த கன்று என்பது இயற்கையின் கணக்கு. மாட்டுக்கு மலட்டுத்தன்மை இல்லை, பட்டினிதான்.

நெல் வட்டாரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்தை நிரப்பாது. அதில் புரதமும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப் போடும். வைக்கோலும் கொஞ்சம் தவிடும் மட்டும் தின்னும் மாடு பருவத்துக்கு வரவில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கலப்பினப் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ அடர் தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பொதுவான கணக்கு. சினையின் கடைசி இரண்டு மாதத்தில் பால் இல்லை என்று தீவனத்தைக் குறைக்காமல் ஒரு கிலோ கூடுதலாகக் கொடுக்க வேண்டும். வரப்போரம் கம்பு நேப்பியர் புல், அகத்தி, வேலிமசால் வளர்த்து தினமும் 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம் சேர்க்கலாம். தாது உப்புக் கலவை தினமும் 30 முதல் 50 கிராம், சமையல் உப்பு 30 கிராம் கட்டாயம். ஈனும்போது விலா எலும்புகள் துருத்தாமலும், வாலடியில் கொழுப்பு உருளாமலும் நடுத்தர உடல்வாகில் மாடு இருக்க வேண்டும். அதிகக் கொழுப்பு ஏறிய மாடும் ஈன்ற பிறகு தீவனம் எடுக்காமல் சிக்கலுக்குள்ளாகும்.

ஈன்ற பின் இரண்டு ஆபத்துகள்

ஒன்று பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போகும். ஒரு பசுவின் இரத்தத்தில் சுற்றும் கால்சியம் சுமார் 3 கிராம்தான். 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் கால்சியம் வெளியேறும். இந்தப் பள்ளத்தை நிரப்ப எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுப்பது பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன். சினையின் கடைசி வாரங்களில் கால்சிய டானிக்கை அளவுக்கு மீறி ஊற்றினால் இந்தச் சுரப்பி வேலை இல்லாமல் தூங்கிவிடும். ஈன்ற அன்று அவசரமாக வேண்டும்போது எழ நேரமாகும். அதற்குள் மாடு படுத்துவிடும். கால்சியம் கொடுக்க வேண்டிய காலம் ஈன்ற பின், ஈனும் முன் அல்ல.

ஈன்ற மூன்று நாளுக்குள், குறிப்பாக மூன்றாம் ஈற்றுக்கு மேல் உள்ள நல்ல கறவை மாடு தள்ளாடினாலோ, காது சில்லிட்டாலோ, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்தாலோ உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை அவசர ஊர்தியையும் அழைக்கலாம். படுத்த மாட்டுக்கு வாய் வழியாகக் கஷாயமோ மருந்தோ ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி இல்லாததால் அது நுரையீரலுக்குள் போய் உயிரை எடுக்கும். கால்சியத்தை இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றினால் செத்துப் போனது போல் கிடந்த மாடு சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆகவே இது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது கீட்டோசிஸ். ஈன்ற சில வாரங்களில் மாடு அடர் தீவனத்தை ஒதுக்கி வைக்கோலை மட்டும் கடிக்கும், பால் திடீரென இறங்கும், மூச்சில் அழுகிய பழ வாசனை வரும். இன்சுலின் குறைந்து கொழுப்பு கட்டுமீறிக் கரைவதால், கல்லீரல் அதைச் சமாளிக்க முடியாமல் போவதே காரணம். குளுக்கோஸ் ஏற்றினால் குணமாகும். தீவனத்தைச் சீர்செய்யாவிட்டால் திரும்ப வரும்.

கன்றிலிருந்து கிடேரி வரை

உடல் வளர்ச்சிக்கும் ஹார்மோனே பொறுப்பு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே கன்றின் தைராய்டு வேலை செய்யத் தொடங்குகிறது. தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். அயோடின் குறைந்தால் கழுத்து வீங்கிய, முடி இல்லாத, பலவீனமான கன்று பிறக்கும், சில செத்தே பிறக்கும். மரவள்ளி இலை, முட்டைக்கோஸ் கழிவு ஆகியவை தைராய்டைத் தடுக்கும். சூபாபுல் இலையில் உள்ள மைமோசினும் அப்படியே. சூபாபுல் நல்ல புரதத் தீவனம்தான். ஆனால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தையும் கொடுக்காதீர்கள். சில பூஞ்சணங்களின் நச்சு ஈஸ்ட்ரோஜன் போல நடித்துப் பருவச் சுழற்சியைக் குழப்பும்.

சீம்பால் நோய் எதிர்ப்பு மட்டும் கொடுப்பதில்லை. அதில் இன்சுலினும் வளர்ச்சிக் காரணிகளும் நிறைந்திருக்கின்றன. கன்றின் குடல் வளரத் தூண்டுபவை அவை. பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது தவறு. கன்று ஊட்டினால் ஆக்ஸிடோசின் சுரந்து, நஞ்சுக்கொடி விழவும் உதவும்.

காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த பெண் கன்றை வாங்குவோர் கவனிக்க வேண்டும். தாயின் வயிற்றில் இரண்டு கன்றுகளின் இரத்த ஓட்டமும் கலந்துவிடுவதால், காளைக் கன்றின் ஹார்மோன்கள் பெண் கன்றின் கருப்பை, சினைப்பை வளர்ச்சியை முடக்கிவிடும். அமெரிக்காவின் பிராங்க் லில்லி 1916ல் இதை விளக்கினார். இப்படிப் பிறந்த பெண் கன்றுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சினை பிடிக்காது. மூன்று வருடம் தீவனம் போட்ட பிறகு தெரிந்துகொள்வதை விட, முதலிலேயே மருத்துவரிடம் காட்டுவது லாபம்.

கிடேரி பருவத்துக்கு வருவது வயதைப் பொறுத்தது அல்ல, எடையைப் பொறுத்தது. உடம்பில் போதிய சேமிப்பு இருக்கிறது என்று ஹார்மோன் செய்தி போன பிறகே மூளை அனுமதி கொடுக்கும். கலப்பினக் கிடேரி 240 முதல் 250 கிலோ எடை வந்ததும் சினைக்கு விடலாம். நன்றாக வளர்த்தால் ஒன்றரை வயதில் இந்த எடை வரும். வளர்க்காவிட்டால் மூன்று வயதானாலும் வராது.

கோடை வெயிலும் ஹார்மோனும்

மலை அடிவாரமாக இருந்தாலும் விருதுநகர் மாவட்டக் கோடை கடுமையானது. வெப்பம் ஏறினால் மாட்டின் உடம்பில் கார்டிசால் கூடும், தைராய்டு குறையும், தீவனம் எடுப்பது குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்து பருவ அறிகுறி மங்கும். சினை ஊசி சரியான நேரத்தில் போட்டாலும் இளங்கரு சூட்டைத் தாங்காமல் அழிந்து போகும். நிழல் கொடுக்கும் புங்கை, வேம்பு, கூரையின் மேல் தென்னங்கீற்று, எந்நேரமும் குடிக்கச் சுத்தமான தண்ணீர், அதிகாலையிலும் இரவிலும் தீவனம் ஆகியவை கோடையில் எந்த ஊசியை விடவும் நல்ல சிகிச்சை.

ஹார்மோன் சிகிச்சை எப்போது?

தீவனம், தாது உப்பு, குடற்புழு நீக்கம் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகும் பருவத்துக்கு வராத மாட்டுக்கு ஹார்மோன் சிகிச்சை பலன் தரும். முதலில் மருத்துவர் கையால் சோதித்து, சினை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சினைப்பையில் மஞ்சள் திசு இருந்தால் புரோஸ்டாகிளாண்டின் ஊசி அதைக் கரைத்து, சில நாளில் பருவத்தைக் கொண்டு வரும். திசு இல்லாத மாட்டுக்கு அந்த ஊசி வீண். அதற்குப் புரோஜெஸ்டிரோன் உள்ள சாதனத்தைப் பிறப்புறுப்பில் சுமார் ஒரு வாரம் வைத்து எடுக்கும் முறை உண்டு. பருவ அறிகுறியைக் கவனிக்க ஆளில்லாத பண்ணைகளுக்கு, முதல் நாள், 7ம் நாள், 9ம் நாள் என்று வரிசையாக ஊசி போட்டு, குறித்த நேரத்தில் கருவூட்டும் முறை 1995ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உருவானது. இன்று நம் மருத்துவர்களும் அதைக் கையாள்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புரோஸ்டாகிளாண்டின் சினை மாட்டுக்குப் போட்டால் கன்று கலைந்துவிடும். மருந்து தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. இதைக் கடையில் வாங்கித் தாங்களே போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும். எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டுக்கு எந்த ஹார்மோன் ஊசியும் பலன் தராது. ஊசியின் வேகத்தில் பருவம் வந்தாலும் கரு தங்காது.

மாட்டை விற்கும் முன்

'மலடு' என்று முடிவு கட்டும் முன் ஒவ்வொரு மாடு வளர்ப்பவரும் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். ஈன்ற தேதி, பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி போட்ட நேரம் எழுதி வைத்திருக்கிறோமா? கடந்த மூன்று மாதம் பாலுக்கு ஏற்ற அடர் தீவனமும் தாது உப்பும் கொடுத்தோமா? குடற்புழு நீக்கினோமா? காலையும் இரவும் பருவ அறிகுறி பார்த்தோமா? மருத்துவர் கை வைத்துச் சோதித்தாரா? ஐந்துக்கும் 'ஆம்' என்று சொன்ன பிறகும் சினை நிற்காத மாடு மிகச் சிலவே இருக்கும்.

சினை ஊசி போட்ட மாடு 21 நாளில் திரும்பாவிட்டாலும் சினை என்று நம்பிவிடாமல், 60 முதல் 90 நாளுக்குள் சோதனை செய்துகொள்ள வேண்டும். அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் இதைச் செய்கிறார்கள். மாடு வளர்ப்புப் பயிற்சிக்கும் தீவன ஆலோசனைக்கும் ராஜபாளையத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தை அணுகலாம். களப்பணியாளர்கள் ஊர்க் கூட்டங்களில் பேசும்போது ஊசியின் பெயரைச் சொல்வதற்கு முன் தீவனத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பது நல்லது.

மாட்டின் உடம்பு ஒவ்வொரு நாளும் ஒரு கணக்குப் பார்க்கிறது. தின்றது எவ்வளவு, கறந்தது எவ்வளவு, வெயில் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, மிச்சம் இருந்தால் அடுத்த கன்றுக்கு உத்தரவு போடுகிறது. அந்த மிச்சத்தை உண்டாக்குவது வளர்ப்பவரின் வேலை. இன்றைக்கே ஒரு பழைய நோட்டில் உங்கள் மாட்டின் பெயரையும், அது கடைசியாக ஈன்ற தேதியையும் எழுதித் தொடங்குங்கள்.